சாங்ஷன்: அனுமதியா, தடையா?

கேள்வி: வங்கியில் லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்கிறோம். செய்தியிலோ ஈரான் மீது சாங்ஷன்ஸ் என்கிறார்கள். ஒரே சொல் எப்படிக் கொடுக்கவும் தடுக்கவும் செய்கிறது?

வேர் ஒன்றுதான். லத்தீனில் 'சான்கீரே' என்றால், மீறக்கூடாதது என்று விதிப்பது. புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. ஆங்கிலத்தில் முதலில் இதற்குச் சட்டம், ஆணை என்றுதான் பொருள். ஆணையை மீறினால் தண்டனை உண்டு. அந்தத் தண்டனைக்கும் இதுவே பெயராயிற்று. ஆணையின் பலம் பெற்ற செயல் செல்லுபடியாகும். அதனால் ஒப்புதல் என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிப் பிரித்தறிவது?

பன்மையில் வந்து, பின்னால் 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' இருந்தால் பெரும்பாலும் தடை. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு இந்தியா மீது அமெரிக்கா விதித்தவை அத்தகையவை. வினையாக வந்தால், எதைச் சாங்ஷன் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு தொகையை, திட்டத்தை, செயலை என்றால் அனுமதி. ஒரு நாட்டை, ஆளை, நிறுவனத்தை என்றால் தண்டனை.

நான் மெய்ப்புப் பார்த்த ஒரு கட்டுரையில் 'ஸ்டேட் சாங்ஷண்டு வயலன்ஸ்' என்பது 'அரசு தடைசெய்த வன்முறை' என்று வந்திருந்தது. அரசின் ஒப்புதலோடு அடிவாங்கிய மக்களைப் பற்றிய கட்டுரை அது! ஒரே சொல்லில் குற்றவாளி காவலனாகிவிட்டான். அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே கண்டாலும் நின்று இரண்டு முறை படிக்கிறேன்.

கேள்வி: ஊழல் வழக்கில் அதிகாரிக்கு எதிராக 'சாங்ஷன்' கிடைத்தது என்று படித்தேன். அது தண்டனைதானே?

இல்லை, அனுமதிதான். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர் மீதான வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன அடையாளங்களை நம்பி ஏமாறக்கூடிய இடம் இது.

கேள்வி: பெர்மிஷன் என்பதும் இதுவும் ஒன்றா?

பெர்மிஷனை யாரும் தரலாம், வாய்ச்சொல்லே போதும். சாங்ஷனுக்குப் பின்னால் ஓர் அதிகாரம் நிற்க வேண்டும். சினிமாவுக்குப் போக அம்மா தருவது பெர்மிஷன்.

கேள்வி: நல்ல தமிழ்ச் சொல் உண்டா?

தமிழ்நாட்டு அரசாணைகளில் 'ஒப்பளிப்பு' என்ற அழகான சொல் புழக்கத்தில் இருக்கிறது. 'ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள்' என்று எழுதுவார்கள். ஒப்புவதும் அளிப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. பத்திரிகைகளும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. தண்டனைப் பொருளுக்குப் 'பொருளாதாரத் தடை' ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

கேள்வி: வீட்டுக்கடன் சாங்ஷன் கடிதம் வந்துவிட்டது. பணம் வந்த மாதிரிதானே?

அவசரப்படாதீர்கள். வங்கி கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பத்திரச் சரிபார்ப்பு முடிந்து, நிபந்தனைகள் நிறைவேறிய பிறகுதான் பணம் விடுவிக்கப்படும். கடிதத்தில் காலக்கெடுவும் இருக்கும். அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு விற்பவருக்கு வாக்குக் கொடுங்கள்.