முன்பின் தெரியாதவர்களை வேடிக்கை பார்ப்பது தவறா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

நான் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வயது 62. கணவர் காலமான பிறகு தாம்பரத்தில் மகன் குடும்பத்தோடு வசித்து வருகிறேன்; வீட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், பிற்பகலில் வேலை எதுவும் இல்லாமலேயே மின்சார ரயிலில் ஏறிக் கடற்கரை நிலையம் வரை போய்த் திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் என் பார்வை உள்ளே இருப்பவர்கள் மீதுதான் போகிறது. மாம்பலத்தில் ஏறும் ஒரு பெண், மடியில் செய்தித்தாளை விரித்து, இரவுச் சமையலுக்கான பீன்ஸை நார் உரித்து விரலாலேயே ஒடித்துப் போட்டு, பல்லாவரம் வருவதற்குள் காம்புகளைக் காகிதத்தோடு சுருட்டிப் பையில் வைத்துக்கொள்கிறார். தூங்கி வழியும் கல்லூரிப் பெண்ணின் தலை தன் தோளில் சாயும்போது, பக்கத்தில் இருக்கும் பெண்மணி அவளை எழுப்பாமல் கைப்பையை மட்டும் மெல்ல மறுபக்கம் மாற்றிக்கொள்கிறார். இவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று மாலை முழுவதும் மனம் லேசாக இருக்கிறது.

“யாரென்றே தெரியாதவர்களை உற்றுப் பார்ப்பது நாகரிகமாம்மா? தனிமையாக இருந்தால் சொல், டாக்டரிடம் போகலாம்” என்று மகன் கவலைப்படுகிறான். இது மனநோயின் அறிகுறியா?

– தாம்பரம் வாசகி

அன்புள்ள அம்மா, வணக்கம்.

கைப்பையை மாற்றிக்கொண்ட அந்தப் பெண்மணியை நீங்கள் கவனித்திருப்பதே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் என்று எனக்குப் படுகிறது. சுற்றியிருப்பவற்றின் மீதுள்ள ஆர்வம் வற்றிப்போவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. உங்களிடமோ அந்த ஆர்வம் நிறையவே இருக்கிறது.

பேச்சில்லாமலேயே மனிதர்களுக்கிடையே ஓர் உறவு உருவாகிறது என்பதை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் எழுதியிருக்கிறார். நியூயார்க் வட்டாரத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் படம் எடுத்து, அடுத்த வாரம் அதே பயணிகளிடம் காட்டியபோது, ஒரு பயணி சராசரியாக 4 பேரை, அவர்களோடு ஒருமுறைகூடப் பேசியிராமலேயே அடையாளம் கண்டார். அவர்கள் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்பவர்களாக இருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தவர்களும் உண்டு. புரூக்ளின் தெருவில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணுக்கு, பல ஆண்டுகளாக அவரைப் பார்த்து மட்டுமே வந்த இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைத்ததோடு நில்லாமல், மருத்துவமனை வரை உடன் சென்றதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். எனவே, உங்கள் பழக்கத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பீன்ஸ் ஒடிக்கும் பெண் ஒருநாள் வராவிட்டால் நீங்கள் அவரைத் தேடுவீர்கள் அல்லவா?

இருந்தாலும், நாகரிகம் குறித்து உங்கள் மகன் கேட்பது நியாயமானதே. ஒருவரைக் கணநேரம் பார்த்து, அவர் இருப்பதை ஏற்றுக்கொண்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்வதுதான் பொது இடத்தில் அந்நியர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் விளக்கினார். நீங்கள் பார்ப்பதை உணர்ந்து ஒருவர் முந்தானையைச் சரிசெய்யத் தொடங்கினால், பார்வை நீண்டுவிட்டது என்று புரிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பது எந்த நிலையிலும் கூடாது.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. பசியும் தூக்கமும் குறைந்தாலோ, பழைய தோழிகளின் அழைப்பை எடுக்க மனமில்லாமல் போனாலோ, பிறருடைய குடும்பங்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சிக்குப் பதிலாக ஏக்கமே மிஞ்சினாலோ, தயங்காமல் ஓர் ஆலோசகரை நேரில் சந்தியுங்கள். துணையை இழந்த துயரம் தாமதமாகவும் வெளிப்படக்கூடும்.

உங்கள் மகனின் அச்சத்துக்குக் காரணம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருப்பதாகவே இருக்கலாம். கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். அலுவலகம் விடும் நேரத்து நெரிசலைத் தவிர்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும், எனக்கு எழுதியதைப் போலவே, அன்று பார்த்த ஒன்றிரண்டை அவரிடமும் சொல்லுங்கள்.