வாசகர் கேள்வி–பதில்: கேமரா இருக்கட்டும், முதலில் ஹெல்மெட்

கேள்வி: அமெரிக்காவில், புளோரிடாவின் டீலாண்டில் ஸ்கைடைவிங் செய்துவருகிறேன். 200 குதிப்பு தாண்டி, அனுபவ நிலைக்கான சி லைசென்ஸும் வந்துவிட்டது. கையில் கோப்ரோ ஹீரோ 12 கேமரா இருக்கிறது. பெட்டியோடு வந்த மவுண்ட்டையே (கேமராவைப் பொருத்தும் தாங்கி) என் ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட்டின் உச்சியில் ஒட்டிக்கொள்ளலாமா? இல்லை, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: தயவுசெய்து அந்த மவுண்ட்டை ஒட்டாதீர்கள். பக்கிளும், துருத்தி நிற்கும் திருகும் சைக்கிளுக்குச் சரி. பாராசூட் விரியும்போது பைலட் சூட்டும் (பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறிய பாராசூட்), அதை இணைக்கும் பட்டையான பிரைடிலும், கயிறுகளும் உங்கள் முதுகிலிருந்துதான் கிளம்புகின்றன. உடல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாலோ, விரியும் நேரத்தில் நீங்கள் புரண்டுகொண்டிருந்தாலோ அவை தலையை உரசியபடிதான் போகும். ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் புகுந்துவிட்டால், விரிகிற பாராசூட்டின் இழுப்பு முழுவதும் உங்கள் கழுத்தில் விழும். அந்த நிலையில் மெயின் பாராசூட்டைக் கழற்றிவிட்டாலும் அது தலையிலேயே தொங்கும். ரிசர்வ், அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட், அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும். படம் எப்படி வரும் என்று யோசிக்கும் முன், கயிறு எங்கே மாட்டும், மாட்டினால் எப்படி விடுபடுவேன் என்ற இரண்டையும் யோசியுங்கள்.

அதனால் பணத்தை முதலில் ஹெல்மெட்டில் போடுங்கள். குக்கி, டான்ஃப்ளை, போன்ஹெட் போன்ற நிறுவனங்கள் ஸ்கைடைவிங்குக்கென்றே செய்பவற்றில், கேமராவுக்கான வழுவழுப்பான மவுண்ட் பொருத்தக்கூடிய மாடல்களைப் பாருங்கள். கட்டாயம் இருக்க வேண்டியது ஹெல்மெட்டைக் கழற்றிவிடும் கட்-அவே: ஒரே இழுப்பில் தாடைப் பட்டை முழுவதும் விடுபட்டு ஹெல்மெட் தலையைவிட்டுப் போக வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வலது கையால் ஒருமுறை, இடது கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒரு கைக்கு மட்டும் எட்டுகிற கைப்பிடி என்றால் வேண்டாம். இன்னொரு கை கயிற்றில் சிக்கியிருக்கலாம். ஹெல்மெட் கெட்டியாகப் பொருந்தவும் வேண்டும். மணிக்கு 190 கி.மீ. காற்றில் தளர்ந்த ஹெல்மெட் ஆடும், படமும் ஆடும்.

மவுண்ட்டை எங்கே வைப்பது? உச்சியில் வைத்தால் படம் நேராக வரும், எடையும் தலையின் நடுவில் விழும். ஆனால் கயிறு உரச அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான். பக்கவாட்டில் வைத்தால் உயரம் குறையும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டின் தாடையில் வைப்பது இப்போது பரவலாகிவருகிறது. ஆனால் குனிந்து பார்க்கும்போது மார்பில் இருக்கும், மெயின் பாராசூட்டைக் கழற்றிவிடும் கைப்பிடியையும் ரிசர்வ் கைப்பிடியையும் கேமரா மறைக்கிறதா என்று தரையிலேயே, ஹார்னஸ் மாட்டிக்கொண்டு பாருங்கள். மறைத்தால் அந்த இடம் கூடாது. முதல் அமைப்புக்கு உச்சியில் தாழ்வாக உட்காரும் மவுண்ட்டே எங்கள் தேர்வு.

ஒட்டும் மவுண்ட் என்றால் ஹெல்மெட்டின் பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அழுத்தி ஒட்டுங்கள். குறைந்தது 24 மணி நேரம் அசைக்காதீர்கள். பசை முழுப் பிடிப்பு பெற மூன்று நாள் ஆகும். திருகால் பொருத்துகிற மவுண்ட் கிடைத்தால் அதுவே மேல். கீழே விழாமல் இருக்கட்டும் என்று கேமராவைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கயிறே இன்னொரு கண்ணி, வேண்டவே வேண்டாம்.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை. பழைய பாராசூட் கயிறு ஒரு மீட்டர் எடுங்கள். பாராசூட்டை மடித்துப் பராமரிக்கும் ரிக்கரிடம் கேட்டால் தருவார். ஹெல்மெட்டை மேசையில் வைத்து, கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்து, முன்னிருந்து பின், பின்னிருந்து முன், இடம், வலம், குறுக்கு என எல்லாப் பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கேமராவின் அடிப்பக்க விளிம்பு, மவுண்ட்டின் மூலை, பேட்டரி மூடி, வைசரின் திருகு என்று கயிறு எங்கெல்லாம் நிற்கிறதோ, அங்கெல்லாம் வேலை இருக்கிறது. இடுக்குகளை வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்காலோ கேஃபர் டேப்பாலோ (துணி ஒட்டுநாடா) நிரப்பிச் சரிவாக்குங்கள். கயிறு வழுக்கிக்கொண்டு போகும்வரை அந்த ஹெல்மெட்டோடு விமானம் ஏற வேண்டாம்.

ஹீரோ 12 பேட்டரியோடு 154 கிராம். முதல் கேமராவாக அதுவே தாராளம். பெரிய ஸ்டில் கேமரா, ரிங் சைட் (குறிபார்க்கும் வளையம்), வாயால் கடித்து இயக்கும் சுவிட்ச் எல்லாம் மற்றவர்களைத் தொழிலாகப் படமெடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கோணம் வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நின்றபடி நேராக வைத்தால், வானில் எடுத்த படத்தில் எதிரே இருப்பவர் படச் சட்டத்தைவிட்டு (ஃப்ரேம்) வெளியே போய்விடுவார். குப்புறப் படுத்து முன்னே பார்க்கும்போது தலை பின்னுக்கு வளைந்திருக்கும். தரையில் ஃப்ரீஃபால் நிலையில், அதாவது பாராசூட் விரியும் முன் விழும் நிலையில், படுத்து, மூன்று மீட்டர் தள்ளி ஒருவரை அதேபோல் படுக்கச் சொல்லி, அவர் முகம் சட்டத்தின் நடுவில் வரும்படி வையுங்கள்.

கேமராவோடு முதல் சில குதிப்புகளைத் தனியாகச் செய்யுங்கள். பாராசூட் விரியும்போது குனிந்தோ திரும்பியோ பார்க்காமல் கழுத்தை நேராக வையுங்கள். கயிறு மாட்டினால் முதலில் என்ன, அடுத்து என்ன, எந்த உயரத்தில் முடிவெடுப்பது என்பதை உங்கள் ட்ராப்ஸோனின் (குதிக்கும் மையம்) அனுபவமுள்ள கேமரா ஃப்ளையரோடு (குதித்தபடி படமெடுப்பவர்) தரையில் பலமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: துபாயில் குதிக்கிறேன், 60 குதிப்பு ஆகிறது. கேமராவை ஆன் செய்துவிட்டு மறந்துவிடப் போகிறேன். கேமராவோடு குதிக்க 200 குதிப்பு வேண்டும் என்கிறார்களே, இதற்கு ஏன் 200?

பதில்: மறக்க முடியாது என்பதுதான் காரணம். ஆன் ஆனதா, விளக்கு எரிகிறதா, எதிரே இருப்பவர் படச் சட்டத்தில் இருக்கிறாரா என்று மனம் போய்க்கொண்டே இருக்கும். 13,000 அடியிலிருந்து குதித்தால் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 60 விநாடி. அதில் உயரம் பார்ப்பதும், பாராசூட்டை விரிக்கும் முன் மற்றவர்களைவிட்டுப் பிரியும் உயரத்தில் விலகிப்போவதும் தன்னால் நடக்கிற பழக்கமாகியிருக்க வேண்டும். அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ, 200 குதிப்போடு, அதே பாராசூட் தொகுதியில் அண்மையில் 50 குதிப்பும் பரிந்துரைப்பது இதனால்தான்.

1988இல் வட கரோலினாவில், நிறைய அனுபவமுள்ள ஒரு வீடியோ ஃப்ளையர் கேமராவை மாட்டிக்கொண்டு, பாராசூட்டே இல்லாமல் விமானத்திலிருந்து குதித்து இறந்தார். அவருக்கே கவனம் அப்படிப் பிசகியிருக்கிறது. இப்போதைக்கு உங்கள் கோச்சை உங்களைப் படமெடுக்கச் சொல்லுங்கள். வானில் நீங்கள் உடலை வைத்திருக்கும் விதத்தைத் திருத்திக்கொள்ள அந்தப் படம்தான் உதவும்.

கேள்வி: 300 குதிப்பு ஆயிற்று, முறையான கேமரா ஹெல்மெட்தான். ஆனால் வீடியோவில் நிறம் பாதியில் மாறுகிறது. சிலமுறை பதிவே ஆகவில்லை. எந்த செட்டிங் சரி?

பதில்: ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாமல் 5500கே என்று நிலைநிறுத்துங்கள். 4கே, விநாடிக்கு 60 பிரேம், வைட் லென்ஸ், ஸ்டெபிலைசேஷன் ஆன். மெமரி கார்டு வேகத்தில் வி30 தரமாவது இருக்கட்டும். வாய்ஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

பதிவாகாமல் போவதற்குக் குளிரும் ஒரு காரணம். 4,000 மீட்டரில் தரையைவிட 25 டிகிரி போலக் குறைந்திருக்கும். பழைய பேட்டரி அங்கே சட்டென்று படுத்துவிடும். விமானம் ஏறும்போது அணைத்தே வைத்திருங்கள். குதிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் முதலில் கைப்பிடிகள், மார்புப் பட்டை, பைலட் சூட் மூன்றையும் சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் கேமரா. பக்கத்தில் இருப்பவரிடம் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எரியவில்லை என்றால் வாசலில் நின்று அதை நோண்டாமல் அப்படியே குதித்துவிடுங்கள்.