ஜெஸ்ஸி நார்மனுக்கு ஒரு நினைவு மாலை

கேள்வி: மறைந்த ஓபரா பாடகி ஜெஸ்ஸி நார்மனின் நினைவாக, எங்கள் ரசிகர் குழுவில் அவருடைய பதிவுகளை ஒரு மாலை சேர்ந்து கேட்க விரும்புகிறோம். இருபது பேர் வருவார்கள், பாதிப் பேருக்கு ஓபரா புதிது. எதைப் போடலாம்? யார் யாரைப் பேச வைக்கலாம்?
- ஒரு வாசகி

பதில்: பேச்சு ஒருவர், ஐந்து நிமிடம்; அதற்கு மேல் வேண்டாம். 1945-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் பிறந்தார், 1969-ல் பெர்லினில் வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ ஓபராவில் மேடையேறினார், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு 1983-ல்தான் வந்தார், 2019-ல் மறைந்தார் என்று சொன்னால் தாராளம். விருதுப் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு கைப்பேசி வெளியே வந்துவிடும். தேதி உங்கள் விருப்பம் என்றால், மறைந்த நாளான செப்டம்பர் 30-ஐ விட, பிறந்த நாளான 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வருபவர்கள் துக்க முகத்தோடு உட்கார வேண்டியிருக்காது.

இசை மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கட்டும். எதையும் பாதியில் வெட்டாதீர்கள். ‘உச்சகட்டங்கள் மட்டும்’ என்று துண்டு துண்டாகப் போட்டால் புதியவர்களுக்கு அது வெறும் உரத்த குரலாகத்தான் கேட்கும்.

பர்செல்லின் ஓபராவில் அரசி டைடோ சாகும் முன் பாடும் புலம்பலில் தொடங்குங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், வரிகளும் ஆங்கிலம். அடியில் செல்லோ அரை அரைச் சுரமாகக் கீழிறங்கும் ஒரே சிறு தொடரை மறுபடி மறுபடி வாசிக்கும். குரல் அதற்கு மேலே தன் போக்கில் போகும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஓபரா தெரியாதவரும் அந்தத் தொடரைப் பிடித்துக்கொள்வார். “என்னை நினைத்துக்கொள், என் விதியை மறந்துவிடு” என்று டைடோ கேட்கும் பாட்டு அது. நினைவு மாலைக்கு வேறு முன்னுரை தேவையில்லை.

அடுத்தது ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு இறுதிப் பாடல்கள்’. குர்ட் மசூர் நடத்த, லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவுடன் நார்மன் பாடிய பதிவைத் தேடி எடுங்கள். நேரம் குறைவென்றால் நான்கில் கடைசி இரண்டு போதும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். கடைசிப் பாட்டு ‘அந்திச் சிவப்பில்’ இந்தப் பதிவில் ஏறக்குறைய 10 நிமிடம். மற்றவர்கள் பாடியதை விட நிதானம் அதிகம். “இதுதான் மரணமோ?” என்று கேட்டுக் குரல் நின்ற பிறகும் ஆர்கெஸ்ட்ரா நெடுநேரம் தொடரும். ஸ்ட்ராஸ் இளவயதில் எழுதிய ‘மரணமும் உருமாற்றமும்’ படைப்பின் மெட்டு அங்கே திரும்பி வரும். கடைசியில் புல்லாங்குழல்களில் இரண்டு வானம்பாடிகள். குரல் நின்றதும் யாராவது கைதட்டினால் அவ்வளவும் போச்சு. பாட்டு தொடங்கும் முன்பே எச்சரித்துவிடுங்கள்.

ஜெர்மன் வரிகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பை ஒரே தாளில், ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். இரண்டு பக்கமானால், குரல் தேய்ந்து இறங்கும் இடத்தில் இருபது தாள்கள் ஒன்றாகச் சலசலக்கும். வாசிக்க முடியாத அளவுக்கு விளக்கை அணைப்பதும் வீண் நாடகம்.

பிறகு வாக்னரின் ‘இசோல்டேயின் காதல் மரணம்’. 1987-ல் சால்ஸ்பர்க்கில் காராயன் நடத்திய நேரடிப் பதிவு கிடைக்கிறது. தாழ்ந்த குரலில் தொடங்கி அலை அலையாக ஏறுவதால், தொடக்கத்தைக் கேட்டு வால்யூமை வைத்தால் உச்சத்தில் ஸ்பீக்கர் கரகரக்கும். முதல் நாளே அந்த உச்சத்தைப் போட்டு, கரகரப்பு இல்லாத அளவில் வால்யூமைக் குறித்து வையுங்கள். மாலையில் அதைத் தொடாதீர்கள். கையளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் இந்தக் குரலுக்குத் தாங்காது. யாரிடமாவது இரண்டு பெரிய ஸ்பீக்கர் இருந்தால் இரவல் வாங்குங்கள்.

முடிவுக்கு, 1990-ல் கார்னகி ஹாலில் கேத்லீன் பேட்டிலுடன் பாடிய கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களில் இரண்டு. இதற்கு மட்டும் யார் வேண்டுமானாலும் தாளம் போடலாம், கூடவே பாடலாம்.

இணையத்திலிருந்து ஒலிக்கச் செய்வதாக இருந்தால், ஒரு பாட்டு அடுத்ததோடு கலந்து ஒலிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விளம்பரம் வராத கணக்கா என்றும் பாருங்கள். பாட்டு ஓடும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பாடல்களை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.