தாடையில் முடி வளர்கிறது, தலையில் கொட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே ஹார்மோன் காரணமாக இருக்க முடியுமா?

முடியும். இதைக் கேட்ட பெண்ணுக்கு 24 வயது. தாடையில் கறுப்பு முடி, வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது, ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் நார்மல். "த்ரெடிங் பண்ணிப் பண்ணித்தான் இப்படி ஆச்சு" என்று வீட்டில் திட்டு வேறு. கல்லூரிக் காலத்திலிருந்தே சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு (பி.சி.ஓ.எஸ்.) இருப்பவள் நான். இதே திட்டை வாங்கியிருக்கிறேன்.

முதலில் அதை ஒதுக்கிவிடுங்கள். ஷேவ் செய்தால்கூட பிளேடு வெட்டுவது தோலுக்கு வெளியே நிற்கும் முடியைத்தான். வெட்டுப்பட்ட நுனி மொண்ணையாக இருப்பதால் கையில் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற ஆய்வாளர் ஷேவ் செய்வதால் முடி தடிக்காது என்று சோதித்து எழுதிவிட்டார். நூல் போட்டுப் பிடுங்கினாலும் பூனைமுடி கறுப்பு முடியாக மாறாது. அதை மாற்றுவது ஆண்ட்ரோஜன்.

ஆண்ட்ரோஜனை ஆண் ஹார்மோன் என்கிறோமே தவிர, பெண்களுக்கும் சினைப்பையிலும் அட்ரினல் சுரப்பியிலும் அது சுரக்கிறது. வயதுக்கு வரும் காலத்தில் நமக்கு அக்குளில் முடி வருவதே அதனால்தான். மயிர்க்காலுக்குள் 5-ஆல்பா ரிடக்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனை அதைவிட வீரியமான டி.எச்.டி. என்ற இன்னொரு ஆண்ட்ரோஜனாக மாற்றுகிறது. தாடையில் இருக்கும் மயிர்க்கால் டி.எச்.டி. பட்டால் பெரிதாகி, பூனைமுடி இருந்த இடத்தில் தடித்த முடியை வளர்க்கும். உச்சந்தலையில் இருப்பது, பரம்பரையில் அந்தத் தன்மை இருந்தால், முடி வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் சிறுத்து, கடைசியில் பூனைமுடிக்கே வந்துவிடும். பின்மண்டை முடி பெரும்பாலும் இதற்கு அசையாது. பின்மண்டை முடியை எடுத்து வழுக்கையில் நட்டாலும் அது தன் பழைய குணத்தோடேயே வளரும் என்று 1959-ல் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் எழுதினார். இன்றைய முடி மாற்று சிகிச்சை நிற்பது அதன்மேல்தான்.

எனக்கு இதை முழுசாகப் புரியவைத்தது டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமம். அங்கே சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பருவ வயதில் ஆணாக மாறுவதைப் பற்றி ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் 1974-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் உண்டு, அந்த நொதிதான் குறை. வளர்ந்த பிறகு தாடி மிகக் குறைவு, முன்நெற்றியும் ஏறவில்லை. ஆண்களின் வழுக்கைக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைடு மாத்திரை தடுப்பது இதே நொதியைத்தான்.

சரி, உங்கள் ரிப்போர்ட் ஏன் நார்மல்? சில பெண்களுக்கு ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும், மயிர்க்கால்தான் அதிகமாக எதிர்வினை காட்டும். இன்னொரு காரணமும் உண்டு. டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதியை ஈரலில் உருவாகும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் கட்டி வைத்திருக்கிறது. இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும், கட்டவிழ்ந்த ஹார்மோன் கூடும். சினைப்பையும் கூடுதலாகச் சுரக்கும். மொத்த அளவை மட்டும் பார்த்தால் இது பிடிபடாமல் போகலாம். எஸ்.எச்.பி.ஜி.யும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

உங்கள் பின்கழுத்தைக் கண்ணாடியில் பாருங்கள். வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை, பெரும்பாலும் இன்சுலின் கூடியதன் அடையாளம். என் அம்மா பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம். அந்தக் கறுப்பையும் தாடை முடியையும் தாடையோரப் பருவையும் சேர்த்து ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். பருவும் ஆண்ட்ரோஜன் வேலைதான், எண்ணெய்ச் சுரப்பியைப் பெரிதாக்கிவிடும்.

பிரசவம் முடிந்து மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு கதை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் முடியை உதிரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அது சரிந்ததும் பாக்கியெல்லாம் மொத்தமாக உதிரும். குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். காலக்கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அது தானாகவே திரும்பிவிடும்.

உங்களுக்கு வருவோம். வகிடு அகல்வதற்கு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் சேர்ந்துகொள்ளலாம், அவற்றையும் பாருங்கள். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி அடர்ந்து, குரலும் கனத்தால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள், கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் ஹார்மோனைத் தொடாது. கருத்தடை மாத்திரை, ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றை மருத்துவர் எழுதினால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், ஏற்கெனவே வளர்கிற முடி தன் சுற்றை முடித்தாக வேண்டுமே. ஸ்பைரோனோலாக்டோன் வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம், அதனால் குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். லேசர் போவதென்றால் நம் மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் வகை லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள், மற்றவற்றைவிடத் தோல் சுட்டுக்கொள்ளும் அபாயம் அதில் குறைவு. ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் பக்கத்துப் பூனைமுடி கறுக்கத் தொடங்கலாம். அந்தப் பணத்தைப் பாதியாவது மிச்சம் பிடிக்க, முதலில் ஹார்மோன் மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் லேசருக்குப் போங்கள்.