லாரி என்ஜினை விசைப்படகில் போடலாமா?

கேட்டவர் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார்: "லாரியில் ஓடிய ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று மலிவாக வருகிறது. விசைப்படகில் மாட்டினால் தாங்குமா, இல்லை மெரைன் என்ஜின் என்று தனியாகத்தான் வாங்க வேண்டுமா?"

தாங்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெரைன் என்ஜின் விற்கிற ஆள் இல்லை. நாகப்பட்டினத்தில் பதினெட்டு வருஷமாகப் படகு என்ஜின் பிரித்துச் சேர்க்கிறேன். நம் கடற்கரையில் லேலண்ட் என்ஜின் ஓடாத துறைமுகம் கிடையாது. அசோக் லேலண்ட் நிறுவனமே லாரிக்கும் பஸ்ஸுக்கும் செய்த என்ஜின்களைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி விற்கிறது. பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் ஒரே வம்சம்தான். காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சி எரிக்கிற வேலை ரோட்டில் நடந்தாலும் தண்ணீரில் நடந்தாலும் ஒன்றே.

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் படகு உங்களுடையது, மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், கையில் பணம் மட்டு என்று நினைக்கிறேன். 2012-இல் எங்கள் மாமாவும் இதே நிலையில்தான் இருந்தார். அப்போது தடைக்காலம் 45 நாள்தான். 61 நாளானது 2017-இல். பழைய வண்டி உடைக்கிற இடத்திலிருந்து ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்றை அவர் இறக்கினார். "மாப்ள, நீயே மாட்டிக் குடு" என்றார். எனக்கு அப்போது வயது இருபத்து நாலு.

என்ஜின் நல்ல என்ஜின், அதில் குறை சொல்ல மாட்டேன். அமுக்கம் பார்த்தேன், நாசில் ஆறையும் கழற்றிச் சோதித்தேன், பேரிங் மாற்றினேன். தண்ணி சைடில்தான் கை வைத்துச் சிக்கனம் பிடித்தோம். லாரிக்கு ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் போதும். படகில் அந்த வேலையைக் கடல்தண்ணி செய்ய வேண்டும். கடல்தண்ணியை நேராக என்ஜினுக்குள் விட்டால் உப்பு பிளாக்கை அரித்துவிடும் என்பதால், உள்ளே நல்லதண்ணி சுற்றும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அது குழாய்க்கு ஒரு பக்கமும் கடல்தண்ணி மறுபக்கமும் ஓடும். கடல்தண்ணியை இழுத்துத் தள்ளுவது ஒரு சின்ன பம்ப். அதற்குள் ரப்பரில் இதழ் இதழாக ஒரு இம்பெல்லர், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

எங்களுக்குக் கிடைத்தது பழைய பம்ப். இம்பெல்லரைக் கையில் வளைத்துப் பார்த்தேன். ரப்பர் விறைத்துப்போயிருந்தது, ஒரு இதழின் அடியில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு. புதுசு வாங்கிவரச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் செலவு ஏற்கனவே கைமீறிப் போயிருந்தது, மாமாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க மனசு வரவில்லை. தெரிந்தேதான் போட்டேன்.

ஜூலையில் தங்குகடல், அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனோம். கோடியக்கரைக்குக் கிழக்கே வலை இழுக்கும்போது ராத்திரி ரெண்டு மணி இருக்கும். டெம்பரேச்சர் முள் ஏறியது. நான் ஆக்சிலேட்டரைக் குறைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் முள் தானாகவே இறங்கியது. ஆறிவிட்டது என்று நம்பி மறுபடி வேகம் கொடுக்கச் சொன்னேன். உள்ளே நல்லதண்ணி கொதித்து வெளியேறிவிட்டது, சென்சார் வெறும் ஆவியில் நின்றுகொண்டிருந்தது, அதனால்தான் முள் இறங்கியது என்பது பிறகுதான் புரிந்தது. படகின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்: என்ஜினைச் சுற்றிவிட்டுப் புகையோடு சேர்ந்து வெளியே கொட்ட வேண்டிய கடல்தண்ணி கொட்டவில்லை. புகைபோக்கியின் சத்தமும் வறண்டு, கரகரவென்று மாறியிருந்தது. பெயின்ட் தீய்கிற வாடை வந்த பிறகுதான் நான் எட்டிப் பார்த்தேன். அதற்குள் என்ஜின் இழுத்துப் பிடித்து நின்றுவிட்டது.

பம்ப் மூடியைத் திறந்தால் ஆறு இதழில் மூன்று இல்லை. ஒன்று வளைவுக் குழாயிலும், இரண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலும் அடைத்துக்கொண்டிருந்தன. ஹெட் கேஸ்கட் போயிருந்தது, இரண்டு பிஸ்டன் லைனரோடு பிடித்துக்கொண்டிருந்தது.

அது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம். என்ஜின் இல்லாத படகைக் கச்சான் கிழக்கே தள்ளும், கிழக்கே இலங்கைக் கடல் எல்லை. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. ஏழு பாகம் ஆழத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) நங்கூரம் போட்டோம். அது பிடிக்கிறதா, இழுபடுகிறதா என்று விடிகிற வரை கயிற்றில் கை வைத்தபடியே மாமா உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. காலையில் வேறு ஊர்ப் படகு ஒன்று தன் தொழிலை விட்டுவிட்டு எங்களைக் கட்டி இழுத்து வந்தது. என்ஜின் வாங்கிய விலையைவிட அதைச் சரி செய்ய அதிகம் ஆனது.

இதைப் படித்துவிட்டு, "எங்க அப்பா படகில் லாரி என்ஜின் இருபது வருஷம் ஓடுச்சு" என்று யாராவது சொல்வீர்கள். ஓடியிருக்கும், நானும் பார்த்திருக்கிறேன். அதைப் பொருத்தியவர் தண்ணி சைடைச் சரியாகச் செய்திருப்பார்.

அப்புறம் இன்னும் சில விஷயங்கள். லாரிக்கு ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும், என்ஜின் மூச்சு வாங்கிக்கொள்ளும். வலை இழுக்கிற படகான டிராலருக்கு இறக்கமே இல்லை, வலை கீழே இருக்கிற வரை மலை ஏறுகிற மாதிரிதான். அதனால் லாரியில் கொடுத்த குதிரைத்திறனை முழுசாகப் படகில் எதிர்பார்க்காதீர்கள். படகைத் தள்ளுகிற விசிறியின் (புரொப்பெல்லர்) சுற்று பத்து சதவீதம் கூடினால் கேட்கிற சக்தி முப்பத்து மூன்று சதவீதம் கூடும். விசிறி பெரிசாகிவிட்டால் கரும்புகை கக்கும். அப்போது டீசல் பம்ப்பின் சீல் உடைத்து டீசலைக் கூட்டச் சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

லாரி கியர்பாக்ஸ் வேண்டாம். விசிறி தண்ணியைத் தள்ளும்போது ஷாப்ட்டை முன்பக்கம் அழுத்தும், அந்த அழுத்தம் படகைத் தள்ளுகிற அழுத்தம். அதைத் தாங்கும் பேரிங் மெரைன் கியர்பாக்ஸில்தான் இருக்கிறது. ஷாப்ட் பின்னால் சரிந்து போவதால் என்ஜினும் சரிந்தே உட்காரும். அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பில் ஆயிலை இழுக்கிற உறிஞ்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள், தப்பான பக்கம் இருந்தால் ஆயில் கிடைக்காமல் கிராங்க் பேரிங் போய்விடும். லாரியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அப்படியே விட்டு என்ஜின் ரூமை மூடாதீர்கள், மரமும் டீசலும் இருக்கிற இடம் அது. தண்ணி சுற்றுகிற மேனிஃபோல்டு போடுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஜிங்க் குச்சி இருக்கிறதா பாருங்கள். குழாய்க்குப் பதில் அதுதான் அரிபட வேண்டும்.

வருகிற என்ஜின் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியினுடையது என்றால் விட்டுவிடுங்கள். அத்தனை சென்சாரையும் கம்ப்யூட்டரையும் உப்புக்காற்றில் நாம் காப்பாற்ற முடியாது. கம்ப்யூட்டர் இல்லாத பழைய இன்லைன் டீசல் பம்ப் என்ஜின் என்றால் நடுக்கடலில் ஸ்பேனரை வைத்தே டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்து ஓட்டிவிடலாம். தமிழ்நாட்டில் 240 குதிரைத்திறனுக்கு மேல் அனுமதி இல்லை என்பதையும், மாற்றிய என்ஜினை மீன்வளத் துறையில் பதிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை. தடைக்காலத்தின் அந்த 61 நாளும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரையேறும், எல்லோருக்கும் ஜூன் பதினாலுக்குள் என்ஜின் வேண்டும். பள்ளத்தில் ஆயிலில் படுத்துக்கொண்டு வேலை செய்கிறோம். கூலி என்றால் "முதல் தங்கல் மீன் விற்கட்டும்" என்கிறார்கள். முதல் தங்கல் போய் மூன்றாவது தங்கலும் வந்துவிடும். மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைப்பது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஐஸ் உடைக்கிறவர், தச்சர், மெக்கானிக் எல்லோரும் அந்தக் கடலை நம்பித்தானே இருக்கிறோம்? சோதனை ஓட்டத்துக்கு நாங்களும் படகில் ஏறிக் கடலுக்குப் போகிறோம். என் மகன் இந்தத் தொழில் வேண்டாம் என்கிறான், அவனைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். படகு எத்தனை அடி, இப்போதுள்ள விசிறியின் விட்டம் என்ன, கியர்பாக்ஸ் விகிதம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். அந்த என்ஜின் ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள். இம்பெல்லர் மட்டும் எப்போதும் புதுசு வாங்குங்கள், கூடவே ஒன்று படகிலும் இருக்கட்டும்.