வாசகர் கேள்வி – பதில்: தலையசைப்பும் விருந்தினர் சிரிப்பும்

கேள்வி: எங்கள் வீட்டு மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். பிரான்சிலிருந்து வந்து தங்கிய தம்பதியர், மறுநாள் காலை ஆட்டோ வந்துவிடுமா என்று என் கணவரிடம் கேட்டார்கள். அவர் வழக்கம்போல் தலையை ஆட்டினார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்க, இவரும் மறுபடியும் தலையை ஆட்டினார். தன்னைத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையாக நினைத்துவிட்டார்களோ என்று அவருக்கு மனத்தாங்கல். நம் தலையசைப்பில் சிரிக்க என்ன இருக்கிறது?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் கணவரை அவர்கள் கேலி செய்ததாகத் தோன்றவில்லை, ஆட்டோ வருமா வராதா என்று தெரியாமல் தவித்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தலையை மேலும் கீழும் அசைத்தால் ஆம், முகத்தை இடமும் வலமும் திருப்பினால் இல்லை. அன்றாடப் பேச்சுக்கு அந்த இரண்டே போதும். நாமோ முகத்தை நேராக வைத்துக்கொண்டு, காதுகள் தோள்களின் பக்கம் சாயும்படி தலையை ஆட்டுகிறோம். அந்த அசைவுக்கு அவர்களிடம் உறுதியான பொருள் கிடையாது. அதிகம் போனால், 'வரலாம், வராமலும் போகலாம்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஊருக்குப் புறப்பட வேண்டியவருக்கு அந்தப் பதில் எப்படிப் போதும்?

நாம் மட்டும் அதை எப்படித் தடுமாறாமல் புரிந்துகொள்கிறோம் என்றால், அசைவின் வேகத்தையும் கண்ணையும் சேர்த்தே பார்த்துப் பழகியிருக்கிறோம். இமைகளை லேசாகத் தாழ்த்தி ஒரு பக்கமாக ஒரே முறை சாய்த்தால், 'ஆகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்'. விரைவாக இரண்டு மூன்று முறை ஆட்டினால், 'புரிந்தது, புரிந்தது'. எதிரில் இருப்பவர் பேசப் பேச மெல்ல ஆடிக்கொண்டே இருந்தால், அது வாய் திறக்காமல் 'ம்' கொட்டுவது. நேரு வீதியில் எதிர்ப்பக்கம் போகும் தெரிந்தவருக்கு அதே அசைவு வணக்கமாகவும் ஆகிவிடுகிறது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. பெரியவர் ஒரு வேலையைச் சொல்லும்போது, மறுத்துப் பேச மனம் வராமல், கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மேல் எந்த உறுதியும் தராமல் ஆட்டுவது. அந்த ஆட்டலை நம்பி ஏமாந்த உள்ளூர்க்காரர்களே ஏராளம் என்பதால், விருந்தினர் இரண்டாம் முறை கேட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் குழப்பம் நம்மால் மட்டும் நேர்வதும் அன்று. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைப்பது மறுப்பு, பக்கவாட்டில் அசைப்பது சம்மதம். உங்கள் பிரெஞ்சு விருந்தினரே அங்கே போனால் விழிப்பார்கள். கிரேக்கத்திலும் துருக்கியிலும் புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னால் எறிந்தால் இல்லை என்று பொருள். கிட்டத்தட்ட அதே அசைவால்தான் நாம் 'என்ன வேண்டும்?' என்று கேட்கிறோம். ஏதென்ஸ் கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்லி முடித்த பிறகும், நம்மவர் தமக்கு வேண்டியதை விளக்கிக்கொண்டு நிற்பார்.

உங்கள் கணவர் தலையசைப்பை விட வேண்டியதில்லை; கூடவே 'வரும்' என்று வாயாலும் சொல்லிவிட்டால் போதும்.

கேள்வி: வெளிநாட்டு நண்பரைத் தெருவில் கண்டு கையசைத்துக் கூப்பிட்டேன். அவரும் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போயே போய்விட்டார். ஏன்?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை மடக்கி மடக்கி அழைத்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்க்கும் பலருக்கு அது 'போய் வா' என்று விடைகொடுப்பதுபோல் தெரியும். அவர்கள் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தோ, ஒற்றை ஆள்காட்டி விரலைச் சுண்டியோ கூப்பிடுவார்கள். அவர்களுக்காக நீங்கள் அப்படி மாறிவிடாதீர்கள். ஒற்றை விரலால் நம் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தால் விளைவு தெரியும்.

கேள்வி: என்னுடன் பெரிய மார்க்கெட்டுக்கு வந்த விருந்தினர், பூக்காரம்மா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார். பேருந்தில் என் கால் அவர்மேல் பட்டதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அதற்கும் சிரித்தார். இரண்டையும் அவருக்கு எப்படி விளக்குவது?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுதான் அவருக்கு வேடிக்கை. முதலாவது, போணிப் பணத்துக்குச் செய்யும் மரியாதை. அன்றைய முதல் விற்பனை நன்றாக அமைந்தால் நாள் முழுவதும் வியாபாரம் நடக்கும் என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை. ஆகவே அந்த நோட்டை இரண்டு கண்களிலும் ஒற்றிய பிறகே சுருக்குப்பையில் போடுகிறார்கள். விருந்தினர் அதை இடது கையால் நீட்டியிருந்தால் சிரிப்பதற்கே வாய்ப்பு இருந்திருக்காது. பூக்காரம்மா கையை நீட்டாமல், முழம் போட்ட சரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, அவர் கை மாறும்வரை காத்திருப்பார்.

இரண்டாவது மன்னிப்பு. பாதத்தை உடலின் தாழ்ந்த பகுதியாகக் கருதுவதால், அது மனிதர்மேல் பட்டாலும், புத்தகத்தின்மேலோ எழுதிய தாளின்மேலோ பட்டாலும், பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். முன்பின் தெரியாதவர் திடீரென்று குனிந்து தம் முழங்காலைத் தொட்டால் வெளிநாட்டவர் திடுக்கிடுவது இயல்பே. தொடும்போதே 'மன்னிக்கவும்' என்று ஒரு சொல்லும் சொன்னால், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிடும்.

கேள்வி: அவர்கள் மட்டும்தான் சிரிக்க வேண்டுமா? கன்னத்தோடு கன்னம் வைத்து முத்த ஒலி எழுப்பும் அவர்களுடைய வணக்கத்தைப் பார்த்து நாங்களும் சிரிக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் இத்தனை காலம் ஆண்டும் அது ஏன் புதுச்சேரியில் ஒட்டவில்லை?
— வாசகி, வில்லியனூர்

பதில்: தாராளமாகச் சிரியுங்கள். உதட்டைக் குவித்துக் காற்றை ஊதித் தோளைக் குலுக்கி 'எனக்கென்ன தெரியும்' என்பார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறும்வரை அவர்கள் இங்கே இருந்தும், உணவும் சட்டமும் தெருப்பெயர்களும் ஒட்டிய அளவுக்கு அந்த வணக்கம் ஒட்டவில்லை. பொது இடத்தில் கணவன் மனைவியே தொட்டுக்கொள்ளக் கூசிய சமூகத்தில் அது எங்கே ஒட்டும்? ஆனால் முற்றிலும் ஒட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட 'சொல்தா' குடும்பங்களின், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சிப்பாய்களின் குடும்பங்களின், திருமணங்களுக்குப் போய்ப் பாருங்கள். பாரிஸிலிருந்து வந்த அத்தை மகளுக்குக் கன்னத்தைக் காட்டும் அதே பிள்ளை, அடுத்து நிற்கும் பாட்டியிடம் குனிந்து காலைத் தொடும். சாப்பிட்டாயா என்று பாட்டி கேட்டால் தலையைப் பக்கவாட்டில்தான் ஆட்டும்.