கொலராடோ மணல்மேடு: கூடாரமா, லாட்ஜா?

ஜூன் முதல் வாரம், ஆறு வயது மகளோடு கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு. கூடாரமா, லாட்ஜா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரவு பூங்கா வாசலுக்கு வெளியே லாட்ஜ், மறுநாள் உள்ளே பின்யன் ஃப்ளாட்ஸ் முகாமில் கூடாரம். அங்கே உயரமே 2,500 மீட்டர். வந்த அன்று குழந்தைக்குத் தலைவலி, வாந்தி வரலாம்; அதனால்தான் முதல் இரவு லாட்ஜ். முகாமுக்கு இப்போதே முன்பதிவு செய்யுங்கள்.

வெயிலில் மணல் 65 டிகிரி வரை கொதிக்கும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூதான். விடிந்ததும் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். அப்புறம் மெடானோ ஓடையில் விளையாட விடுங்கள். அடியில் மணல் சின்ன அணையாகத் தேங்கி, உடைந்து, அலை அலையாகத் தண்ணீர் வரும். குழந்தைக்கு அதுதான் கொண்டாட்டம்!

இரவில் பற்பசை உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் கரடிப் பெட்டியில் (கரடியால் திறக்க முடியாத பெட்டி) பூட்டுங்கள்.